அக்காவின் கழுத்தும் என் காலும்

நான் தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வரப் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் அப்படிப் பிறந்தவர்களின் காலுக்குத் தனி மரியாதை உண்டு. முதுகுப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு, கழுத்துச் சுளுக்கு என்று வருகிறவர்களைக் குப்புறப் படுக்க வைத்து, நாங்கள் வலது காலால் மூன்று முறை நீவிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அதற்குக் காசு வாங்கக் கூடாது. நீவிக்கொண்டவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும்.

கல்யாணமாகி வளவனூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்த நாளிலிருந்து என் கால் எத்தனையோ முதுகுகளைத் தொட்டிருக்கிறது. விழுப்புரத்திலிருந்து ஒரு வக்கீல் கார் வைத்துக்கொண்டு வந்தார். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். பேங்கில் கையெழுத்துப் போடும்போதே நேரமாகிறது என்று பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள். அப்படிப்பட்டவளின் காலடியில் படித்தவர்கள் வந்து குப்புறப் படுத்தார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஊரில் என் கால் படாத ஆள் ஒருத்திதான். என் கணவரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. அக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு பேரும் புருஷனை இழந்தவர்கள். அவளுக்கு ஒரே மகள், திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். என் மகன் ஓசூரில் இருக்கிறான். அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நடக்க முடியாமல் கிடந்தபோது கூட அவள் தைலம்தான் தேய்த்துக்கொண்டாள். என்னைக் கூப்பிடவில்லை. "மூத்தவ முதுவுல சின்னவ காலா? நல்லா இருக்குதே கதை" என்று சுவருக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக் காயவைக்கிற சமயம். அக்கா மாடியில் காயப்போட்டதை முறத்தில் அள்ளிக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். கடைசி நாலு படி இருக்கும்போது கால் வழுக்கிவிட்டது. முன்பக்கமாக விழுந்து, கீழே இருந்த துவைக்கிற கல்லில் நெற்றி மோதியது. சத்தம் கேட்டு நான் ஓடியபோது, மல்லாட்டை வாசல் முழுக்கச் சிதறிக் கிடந்தது. நடுவில் அவள் உட்கார்ந்துகொண்டிருந்தாள். நெற்றி புடைத்திருந்தது. ரத்தம் இல்லை.

"இன்னாக்கா, இப்பிடி வுழுந்துட்ட!"

"நான் எங்கடி வுழுந்தேன்? படி நவுந்துடுச்சி" என்றாள். சிரித்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கத் தலையைத் தூக்கினவள் முகத்தைச் சுளித்தாள். "கழுத்து புடிச்சிக்கிச்சி. ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டிடலாமாடி?"

அந்தக் கேள்வியை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. அவள் கேட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

"சுளுக்குக்குப் போயி ஆஸ்பத்திரியா? ஊசி, மாத்திரை, பேஜாரு. ஊரெல்லாம் என் காலைத் தேடிக்கினு வருது. நீ மட்டும் சுவத்துக்கு அந்தாண்ட இருந்துக்கினு தைலம் தேய்க்கிற. இன்னிக்காவது என் காலுக்கு ஒரு மரியாதி குடுக்கா."

வலி அதிகமாக இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். "கதவைச் சாத்துடி. யாராவது பாக்கப் போறாங்க" என்றாள்.

பாய் விரித்தேன். குப்புறப் படுத்தாள். கால் கழுவிக்கொண்டு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கி அவள் பிடரியில் வைத்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என் காலுக்குக் கீழே அக்கா. என் மனதில் என்ன இருந்தது என்று கேட்டால், சந்தோஷம்தான் இருந்தது. முதல் முறை நீவினேன். இரண்டாவது முறை நீவினேன். மூன்றாவதுக்குக் கொஞ்சம் அழுத்தம் கொடுப்பது என் வழக்கம்.

அக்கா கத்தினாள். அந்த மாதிரிக் கத்தலை நான் பிரசவத்தில் கூடக் கேட்டதில்லை. "ஐயோ, கையி! ரெண்டு கையிலயும் கரண்டு அடிக்குதுடி!"

காலை எடுத்துவிட்டேன். மெதுவாகப் புரட்டி உட்கார வைத்தேன். உட்கார்ந்தவள் தன் தலையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், நிறைகுடத்தை இரண்டு பக்கமும் பிடிப்பதுபோல. கையை எடுத்தால் தலை விழுந்துவிடும் என்று நினைத்தவள் மாதிரி. அப்போதுதான் என் வயிற்றில் பயம் இறங்கியது. அது அப்புறம் மூன்று மாதம் எழுந்து போகவில்லை.

மறுநாள் காலையிலும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேதான் இருந்தாள். விரல் நுனி மரத்திருக்கிறது என்றாள். மகளுக்குப் போன் போட்டோம். அவள் அலறிக்கொண்டு விழுப்புரத்துக்கு நேராக வந்துவிட்டாள். நான் ஆட்டோவில் அக்காவை ஏற்றிக்கொண்டு போனேன். வளவனூரிலிருந்து விழுப்புரம் வரை எத்தனை வேகத்தடை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் ஆட்டோ தூக்கிப் போடும். அவள் "யம்மா" என்பாள். நான் ஆட்டோக்காரனைத் திட்டுவேன். அவனைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது.

விழுப்புரத்தில் எலும்பு டாக்டர் பார்த்தார். தொட்டுப் பார்க்கவே இல்லை. நெற்றியைப் பார்த்தார், தலையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். உடனே நர்ஸைக் கூப்பிட்டு அசையாமல் படுக்க வைத்துக் கழுத்துக்கு இரண்டு பக்கமும் மூட்டை மாதிரி முட்டுக் கொடுத்துவிட்டார். "ஆட்டோவுலயா கூட்டிக்கினு வந்தீங்க?" என்று ஒரு பார்வை பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி மகளிடம் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். கழுத்தில் இரண்டாவது எலும்பில் மேல்நோக்கி ஒரு சின்ன முளை இருக்கிறது. அதை நடுவாக வைத்துக்கொண்டுதான் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புகிறதாம். எனக்கு அது உடனே புரிந்தது. மாவு அரைக்கிற கல் எந்திரத்தில் அடிக்கல்லுக்கு நடுவே ஒரு முளை இருக்குமே, மேல்கல் அதைப் பிடித்துக்கொண்டுதானே சுற்றும். அந்த மாதிரி முளை. அது அடியில் விரிசல் விட்டிருந்தது. அதற்குப் பின்னாலேயே கை காலுக்கெல்லாம் போகிற பெரிய நரம்பு. முளை பின்னால் சரிந்தால் அந்த நரம்பு நசுங்கிவிடும். கை கால் விழுந்துவிடும். மூச்சே நின்றாலும் நிற்கும்.

"இது அடிக்கடி பாக்குற முறிவு இல்லீங்க" என்றார் டாக்டர். "வயசு, சர்க்கரை, எலும்பும் பலமா இல்ல. இப்ப ஆபரேசன் பண்றதுதான் ஆபத்து. முளை இன்னும் சரியல, அது நம்ம நல்ல நேரம். கெட்டியான பெல்ட்டு போட்டு மூணு மாசம் ஆடாம வெச்சிருந்தா ஒட்டுறதுக்கு வாய்ப்பு இருக்குது."

அப்புறம் ஒன்று கேட்டார். "வுழுந்த பின்னாடி யாராவது கழுத்தை உருவி வுட்டாங்களா? திருப்பினாங்களா? நாட்டுக் கட்டு கட்டினாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள், அசையாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த அக்கா சொன்னாள்: "ஒர்த்தரும் தொடலீங்க."

நான் பேசாமல் நின்றேன். பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, தாடையிலிருந்து மார்பு வரை வருகிற ஒரு கெட்டி பெல்ட்டை மாட்டி அனுப்பினார்கள். படுக்கும்போதும் கழற்றக் கூடாது. குனியக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. கை கால் பலம் குறைந்தாலோ, மூத்திரம் தன்னை அறியாமல் போனாலோ, முழுங்க முடியாமல் போனாலோ உடனே வர வேண்டும். மகள் அங்கன்வாடி வேலைக்குப் போகிறவள். மாப்பிள்ளைக்கு லாரி ஓட்டம். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நான் வருகிறேன் என்று என் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு திண்டிவனத்துக்குக் கூடவே போய்விட்டேன். "சின்னம்மா மட்டும் இல்லன்னா எங்கம்மா கதி இன்னா ஆயிருக்கும்" என்று அந்தப் பெண் அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் காது கொதிக்கும்.

திண்டிவனத்தில் நாங்கள் இருந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு சின்ன வீடு. காலையில் மகள் கிளம்பியதும் நானும் அக்காவும்தான். நான் முதல் வேலையாக அவள் இரண்டு கையிலும் என் விரலைக் கொடுத்து "புடிக்கா" என்பேன். பிடிப்பாள். நேற்றைவிடப் பிடி குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். "காலை மடக்கு. நீட்டு." மடக்கி நீட்டுவாள். அதெல்லாம் சரியாக இருந்தால்தான் எனக்குக் காபி இறங்கும். அப்புறம் ஒரு மணி நேரத்தில் மறுபடியும் சந்தேகம் வந்துவிடும். அவள் இருமினால் பயம். தும்மினால் பயம். கண்ணை மூடிக் கொஞ்சம் அசந்தால், மூச்சு வருகிறதா என்று மூக்குக்கிட்டே குனிந்து பார்ப்பேன்.

"இன்னாடி மோந்து பாக்குற? நான் இன்னா கருவாடா?" என்பாள் கண்ணைத் திறக்காமலே.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயமாக இருந்தது பெல்ட்டுக்குள் துடைக்கிற வேலை. அதைக் கழற்றாமலே விட்டால் தாடைக்குக் கீழே புண் வந்துவிடும் என்று வாரம் இரண்டு முறை துடைக்கச் சொல்லியிருந்தார்கள். பலகைக் கட்டிலில் தலையணை இல்லாமல் மட்ட மல்லாக்கப் படுக்க வைத்து, ஒருவர் தலையை இரண்டு காதுக்கும் கீழே அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பெல்ட்டின் முன்பாதியை மட்டும் கழற்றித் துடைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். தலையைப் பிடிப்பது மகள். துடைப்பது நான்.

முதல் தடவை முன்பாதியைக் கழற்றியதும் அந்தக் கழுத்து தெரிந்தது. வெளுத்து, சுருங்கி, தோல் உரித்த கோழிக்கழுத்து மாதிரி. ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், கை கீழே போகமாட்டேன் என்கிறது. அப்படி நடுங்குகிறது.

"சின்னம்மா, ஜல்தியா துடைங்க. எனக்குக் கையி நோவுது" என்கிறாள் மகள்.

அக்கா கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "காலுக்கு இருந்த தைரியம் கையிக்கு இல்லியாடி?"

மகளுக்கு அது புரியவில்லை. ஏதோ பழங்கதை பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டாள். எனக்குப் புரிந்தது. துடைத்து முடித்து அதை மாட்டியபிறகு பின்கட்டுக்குப் போய், துணி அலசுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

பக்கத்து வீட்டம்மா, கல்மரங்கள் கிடக்கிற திருவக்கரையின் வக்ரகாளிக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாள். அக்காவை விட்டு நகர முடியாததால் இருந்த இடத்திலிருந்தே மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொண்டேன். "அங்க மரமெல்லாம் கல்லாயி கெடக்குதுக்கா. மரமே கல்லாவும்போது எலும்பு ஒட்டாதா?" என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

"அதுங்க கல்லாவறதுக்கு எத்தினி கோடி வருசம் ஆச்சாம். டாக்டரு எனக்கு மூணு மாசம்தான் குடுத்துக்கீறாரு" என்றாள்.

ஆறு வாரம் கழித்துக் காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு காரை ஏற்பாடு செய்தார். சீட்டைச் சாய்த்து, இரண்டு பக்கமும் சேலையைச் சுருட்டி வைத்து, மெதுவாக விழுப்புரம் போனோம். புதுப்படம் எடுத்தார்கள். டாக்டர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"விரிசல் அப்பிடியேதான் இருக்குது. ஒட்டுன மாதிரி தெரியல" என்றார். "சரியவும் இல்ல. இன்னும் ஆறு வாரம் பாப்போம். அப்பவும் ஆடிக்கினு இருந்தா ஆபரேசனைப் பத்தி யோசிக்கத்தான் வேணும்."

ஆபரேஷன் செய்தால் அக்கா எழுந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. எலும்பு ஒட்டாததற்கு என் கால்தான் காரணம் என்றும் தோன்றிவிட்டது. இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு நான் மறைத்ததால்தான் அவர் தப்பான வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ? அந்த நினைப்பு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டரய்யா, நான் உருவினேன்" என்றேன். "வுழுந்த அன்னிக்கே. கையால இல்லீங்க. காலால. நான் காலால பொறந்தவ. மூணாவது தடவை அழுத்தி உருவினேன். அப்பதான் அவங்களுக்குக் கையில கரண்டு அடிச்சிது. ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டாங்க. நான்தான் வாணாம்னேன்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சொல்லப்போவதில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எலும்பு வுழுந்ததுலதான் முறிஞ்சிருக்கும்மா. நெத்தி அடி அதைச் சொல்லுது" என்றார். "நீங்க கால் வெச்சதுல விரிசல் கூடிச்சா, கூடலியா, அதை எந்தப் படமும் சொல்லாது. நானும் சொல்ல முடியாது. கரண்டு அடிச்சிதுன்னா நரம்பு வரைக்கும் போயிருக்குது. இன்னும் ஒரு நூல் போயிருந்தா இவங்க அன்னிக்கே மூச்சு வுடாம போயிருப்பாங்க. நம்ம செய்யிற வைத்தியம் இதனால மாறாது. ஆனா முன்னாடியே சொல்லியிருக்கணும்."

நான் செய்தேன் என்றும் அவர் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் அது எனக்குத் தெரியாது.

திண்டிவனம் திரும்பினோம். மகள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டு வைப்பாள், சாப்பிடு என்று சொல்லமாட்டாள். துடைக்கிற நாள் வந்தது. "நான் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கினு வர்றேன்" என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். நான் மூட்டையைக் கட்டினேன். அப்போது அக்கா கட்டிலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அடியே, எங்க போற? மூட்டையை வை. நீதான் துடைக்கணும்."

"எம்மா, அவங்க பண்ணது தெரிஞ்சும்..." என்றாள் மகள்.

"தெரியாம இன்னா? என் கழுத்து மேலதானே பண்ணா. குப்புறப் படுத்தது நான். யாரும் என்னைக் கட்டிப் போடல." அப்புறம் என் பக்கம் கண்ணை மட்டும் திருப்பினாள். தலையைத் திருப்ப முடியாதே. "ஏண்டி சொன்ன நீ? உன்னைக் காப்பாத்துறதுக்கா நான் பொய் சொன்னேன்? மூத்தவ கழுத்துல சின்னவ கால் பட்டுச்சின்னு விழுப்புரம் பூரா தெரியணுமா? இப்ப நர்ஸுக்குக் கூடத் தெரிஞ்சி போச்சி."

மகள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை. நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தத் தெம்பு இல்லை. ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு வந்தேன். மகள் தலையைப் பிடித்தாள். அன்றைக்கும் என் கை நடுங்கியது. நடுக்கத்தோடேயே துடைத்தேன்.

மீதி ஆறு வாரமும் விரலைப் பிடிப்பதும் காலை மடக்கி நீட்டுவதுமாகவே போனது. நாள்காட்டித் தாளை நான்தான் கிழிப்பேன். சில நாள் கிழிக்க மனசு வராது. கிழித்தால் ஆபரேஷன் பக்கம் ஒரு நாள் போய்விடுவோமே என்று நடுப்பகல் வரை விட்டுவைப்பேன்.

கடைசிப் படத்துக்கு அக்காவை நிற்க வைத்தார்கள். பெல்ட்டைக் கழற்றி, டாக்டரே பக்கத்தில் நின்றுகொண்டு, கொஞ்சம் குனியச் சொல்லி ஒன்று, நிமிரச் சொல்லி ஒன்று எடுத்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே யாராவது கத்துகிறார்களா என்று காதை வைத்துக் கேட்டேன். மிஷின் சத்தம்தான் வந்தது.

"எலும்பு முழுசா கூடல" என்றார் டாக்டர், படத்தைப் பார்த்துவிட்டு. "ஆனா நடுவுல சவ்வு மாதிரி வளந்து கெட்டியா புடிச்சிக்கிச்சி. குனியும்போதும் நிமிரும்போதும் ஆடல. இந்த வயசுக்கு இது போதும். கத்தி வாணாம். பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா வுட்டுடலாம்."

மகள் கையெடுத்துக் கும்பிட்டாள். பெல்ட் இல்லாத அக்காவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் அவள் இரண்டு கையையும் தூக்கித் தன் தலையைப் பிடித்துக்கொண்டாள், விழுந்த அன்றைக்குப் பிடித்த அதே மாதிரி. மூன்று மாதம் என்னைக் கிண்டல் செய்துகொண்டே இருந்தவள் முகத்தில் அப்போதுதான் பயத்தைப் பார்த்தேன். இத்தனை நாளும் அதை எங்கே வைத்திருந்தாளோ.

"வுழுந்துடும் போல இருக்குதுடி" என்றாள் சின்னக் குரலில்.

"வுழாதுக்கா."

"நீ புடி."

நான் பின்னால் போய் நின்று அவள் காதுக்குக் கீழே என் இரண்டு கையையும் வைத்தேன். அவள் தன் கையை எடுத்துவிட்டாள். தலையின் கனம் முழுக்க என் கையில் வந்து உட்கார்ந்தது. அவ்வளவு கனம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் "கையை எடுங்கம்மா" என்றார். எடுத்தேன். தலை அங்கேயே இருந்தது.

இப்போது இரண்டு பேரும் ஊரில்தான் இருக்கிறோம். மாடியில் காயப்போடுகிற வேலையை விட்டுவிட்டோம். சுளுக்கு என்று யாராவது வந்தால், "வுழுந்தீங்களா, அடி பட்டுதா? எதுவா இருந்தாலும் ஆஸ்பத்திரியில போயி படம் எடுத்துப் பாருங்க" என்று வாசலிலேயே அனுப்பிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அவ காலு ரிட்டைர்டு ஆயிடுச்சி, போங்க" என்று குரல் கொடுப்பாள்.

அவளால் முன்போல் முழுக்கத் திரும்ப முடியாது. பாதிதான் திரும்பும். யாராவது கூப்பிட்டால் பழக்கத்தில் சடாரென்று திரும்பப் பார்ப்பாள். அதனால் நான் அவளைப் பின்னாலிருந்து கூப்பிடுவதே இல்லை. எவ்வளவு அவசரமாக இருந்தாலும், அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்ற பிறகுதான் "அக்கா" என்கிறேன்.